கடல் செட்டும் நெருப்புப் பறவையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலக நண்பர் ஒருவர் என்னைப் புதுச்சேரி டவுனில் ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். காப்பி குடிக்க அல்ல. கடையின் மாடியில் தாடி வைத்தவர்கள், கல்யாணமானவர்கள், ஒரு பல் டாக்டர் எல்லோரும் மேசை மேசையாக உட்கார்ந்து படம் போட்ட கார்டுகளை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறை. உறை போட்ட கார்டுகளுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு பை. எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் புடவைக்குக்கூட இத்தனை மரியாதை கிடையாது. அது பழைய தலையணை உறைக்குள்தான் இருக்கிறது.

நண்பர் எனக்கு மிகுந்த பொறுமையோடு விளக்கினார். "இதுக்குத் தீம் டெக்னு பேரு ப்ரோ. கைக்குக் கிடைக்கிற கார்டயெல்லாம் சேத்துடக் கூடாது. ஒரே குடும்பத்துக் கார்டா எடுக்கணும். ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசையா நிக்கணும். புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். எங்கள் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் ஒரு காலத்தில் இந்த விளையாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவன் நான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எந்தக் கோர்ட் என்று கேட்பார். ஏரிக்கரை மதகுக் கட்டை என்று சொல்ல வேண்டிவரும்.

அவர் புதுப் பாக்கெட் ஒன்றைக் கிழித்தார். மையும் புதுத் தாளும் கலந்த ஒரு வாசனை வந்தது. பரவாயில்லை, ஆனால் எங்கள் பாக்கெட்டின் வாசனைக்கு ஈடாகாது. எங்களுடையதில் பபிள்கம் மாவு, மண்ணெண்ணெய் நெடி, பெட்டிக்கடையில் பக்கத்தில் தொங்கிய ஷாம்பு, இவை மூன்றும் இருக்கும். எங்கே அச்சடித்தார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியாது. அச்சு விலகி, ஒரு ராட்சசனின் உடம்பு ஒரு கார்டிலும் கால் இன்னொரு கார்டிலுமாக வரும். அந்த இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவனுக்கு எங்களிடையே தனி அந்தஸ்து. இப்போது அதற்கும் யாராவது உறை போட்டு ஏலம் விடுவார்கள்.

விளையாட்டு எளிது. கார்டின் மேலே படம், ஓரத்தில் ஒரு எண். ஆளுக்கொரு கார்டாக இறக்க வேண்டும். எண் பெரிதாக இருப்பவன் வென்றான். ஆனால் படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது போல நான்கு வரி ஆங்கிலம் இருக்கும். அந்தக் கார்டுக்கு விசேஷ சக்தி ஏதாவது இருந்தால் அதில்தான் எழுதியிருப்பார்கள். எண் சின்னதாக இருந்தாலும் அந்தச் சக்தி ஜெயிக்க வைத்துவிடும். ஆகவே அந்த நான்கு வரியைப் படிக்கத் தெரிந்தவன் யாரோ அவனே சட்டம்.

அந்தச் சட்டம் நான்தான். வேறு ஆளில்லை. மற்ற பையன்கள் அரசுப் பள்ளி, தமிழ் வழி. என்னை மட்டும் அப்பா இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார். எங்கள் பரம்பரையில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய முதல் உயிர் நான். அதனால் வீட்டுக்குள் ஆங்கில எழுத்தோடு எது நுழைந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். கரும்புக்குப் போடும் உர மூட்டை, மாத்திரை அட்டை, அத்தை வாங்கிய மிக்சியின் கையேடு. "தம்பி, இன்னா போட்டிருக்குது, படி" என்பார் அப்பா. அக்கம்பக்கத்தில் நாலு பேர் கூடி நிற்பார்கள். அத்தனை முகங்களுக்கு எதிரில் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? தெரிந்ததைப் படித்தேன். தெரியாத இடத்தை நானே நிரப்பினேன். ஒருமுறை உர மூட்டையைப் பார்த்து, "நாய் பக்கத்துல வரக் கூடாதுன்னு போட்டிருக்குதுப்பா" என்றேன். அப்பா அன்று சாயங்காலமே நாயைப் பிடித்துத் தென்னை மரத்தில் கட்டிவிட்டார். இரண்டு போகம் முடியும்வரை அது அங்கேயே கிடந்தது. என் கல்விக்காகப் பலர் தியாகம் செய்திருக்கிறார்கள். அந்த நாயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்படிப் பழகிய வாய்க்குக் கார்டு எம்மாத்திரம்.

கலியவரதனை டியூஷனில்தான் பார்த்தேன். பனித்திட்டுப் பையன், மீன்பிடிக் குடும்பம், என் வயதுதான். ஏழாவது படித்துக்கொண்டிருந்தோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வருவான். அவனிடம் ஒரு இரண்டு கோடு நோட்டு இருந்தது. கிடைக்கும் ஒவ்வொரு கார்டையும் என்னிடம் நீட்டுவான். நான் படிப்பேன். அவன் அதைத் தமிழில், குண்டு குண்டான எழுத்தில், கார்டின் பெயரோடு எழுதிக்கொள்வான். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் ஆபத்து புரிந்தது. நான் அடித்துவிடுகிற ஒவ்வொரு புளுகும் அங்கே தேதியோடு பதிவாகிக்கொண்டிருந்தது.

"போன வாரம் இந்தத் தவளைக்கு ரெண்டு உயிருன்ன. இப்ப ஒண்ணுன்ற."

"அது வேற தவளைடா."

"மூஞ்சி அதே மூஞ்சி."

"தம்பித் தவளை."

அதையும் எழுதிக்கொண்டான். தம்பித் தவளை, ஒரு உயிர்.

காப்பிக் கடை நண்பர் சொன்ன தீம் டெக்கை நாங்கள் 'செட்டு' என்போம். நான் சேர்த்தது கடல் செட்டு. அதற்கு ஏதோ பெரிய ரசனை காரணம் என்று நினைக்க வேண்டாம். நான் கரும்புக் கொல்லைப் பையன்; கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. காரணம், மீன் கார்டு எல்லாம் சும்மா கிடைத்தது. எண் குறைவு என்பதால் யாருக்கும் வேண்டாம். அதிலும் பனித்திட்டு, மணப்பட்டுப் பையன்களுக்கு மீனைக் கண்டாலே எரிச்சல். "காசு குடுத்துப் பாக்கெட் வாங்கனா அதுலயும் கவலை மீனா?" என்று தூக்கிப் போடுவார்கள். அது மலிவான பொடிக் கவலை மீன் அல்ல, ஆழ்கடல் அரக்கன் என்று கார்டில் போட்டிருக்கும். அவர்கள் ஏற்க மாட்டார்கள். கலியவரதன் ஒருமுறை திருக்கை கார்டையும் சுறா கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"திருக்கைக்கு ஆயிரம், சுறாவுக்கு எட்நூறா? இத எழுதனவன் கடலப் பாத்திருக்கானாடா?"

"ஜப்பான்காரன்டா. அவன் பாக்காத கடலா?"

"அப்ப அந்த ஊருச் சுறாவுக்குச் சோறு பத்தல."

தன்னிடம் இருந்த கடல் கார்டுகளையும் அவன் எனக்கே கொடுத்துவிட்டான். "எனக்குத் தண்ணி கார்டே வேணாம். நீயே வெச்சிக்க" என்றான். அவன் சேர்த்தது நெருப்புச் செட்டு. சிவப்பாக எது இருந்தாலும் எடுப்பான். பூதம், எரிமலை, வாயில் தீ வைத்திருக்கும் ஆமை. அலை வந்த அன்று அவனுக்கு ஆறு வயது. ஏன் தண்ணீர் வேண்டாம் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு அறிவிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் என் செட்டு ஓர் ஆட்டத்தில்கூடத் தேறாது. ஆகவே ஆங்கிலத்தின் உதவியை நாடினேன். "கடல் கார்டு மூணு ஒண்ணா எறங்குனா எதிர்ல இருக்கற கார்டு முழுகிடும்னு போட்டிருக்குது" என்று அறிவித்தேன். உண்மையில் அந்த மீன்களுக்குக் கீழே, ஆழத்தில் தனியாக வாழும் பிராணி என்பது போல ஏதோ இருந்தது. சக்தியெல்லாம் கிடையாது, வாழ்க்கைக் குறிப்புதான். ஆனால் கலியவரதன் நோட்டில் ஏறிவிட்டால் அது சட்டம். அன்றிலிருந்து பாகூர் ஏரிக்கரையில் நான் தோற்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் எனக்கும் அவனுக்கும் பெரிய ஆட்டம். தோற்றவன் முழுச் செட்டையும் கொடுத்துவிட வேண்டும். மதகுக் கட்டையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கலியவரதன் அந்த நோட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தான். என்னை மூன்று கடல் கார்டைச் சேர்க்கவிடாமல் ஒவ்வொன்றாக அடித்தான். என் புளுகை என்னைவிட நன்றாக அவன் புரிந்துவைத்திருந்தான். கடைசியில்தான் எனக்கு மூன்று மீன் ஒன்றாக இறங்கியது. அவன் கையில் ஒரே ஒரு கார்டு. யாருக்கும் அதுவரை காட்டாதது. சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். பளபளவென்று மின்னும் நெருப்புப் பறவை. பாகூரில் அதற்கு முன் யாரும் பார்த்திராத கார்டு.

எல்லோரும் வாயைத் திறந்து பார்த்தார்கள். என் மூன்று மீனும் அந்தப் பறவையை மூழ்கடிக்குமா, பறவைக்கு ஏதாவது சக்தி உண்டா என்பது அந்த நான்கு வரியில் இருக்கிறது. கலியவரதன் கார்டை எடுத்தான். வேறு யாரிடம் கொடுப்பான்? எதிரியான என்னிடமே நீட்டினான்.

"இன்னா போட்டிருக்குது, படி."

என் துரதிர்ஷ்டம், அந்த ஒரு கார்டின் ஆங்கிலம் மட்டும் எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்தப் பறவையைத் தண்ணீர் தொடாது. அவ்வளவுதான் விஷயம். அவன் ஜெயித்துவிட்டான்.

நான் படித்தேன். "தண்ணி பக்கத்துல இருந்தா இந்தப் பறவையால பறக்க முடியாது."

யாராவது சந்தேகப்படுவார்கள் என்று காத்திருந்தேன். கலியவரதன் கார்டைத் திரும்ப வாங்கி ஒரு நிமிடம் பார்த்தான். "தண்ணி வந்தா அப்டித்தான்" என்றான். நோட்டைத் திறந்து அதையும் எழுதினான். பிறகு ரப்பர்பேண்டு போட்ட தன் செட்டையும் மேலே அந்தப் பறவையையும் என் கையில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தான்.

நான் ஜெயித்தேன். அதைக் கொண்டாடும் விதமாக இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் மருத்துவமனைக் காகிதம். அவன் அம்மாவுக்கு வயிற்று வலி, ஸ்கேன் எடுத்திருந்தார்கள். டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை தாங்காமல் ஓடி வந்திருக்கிறான்.

"அம்மா பேப்பர்ல இன்னா போட்டிருக்குதுன்னு பாருடா. பயப்படறா மாதிரியா?"

அப்பா களையெடுத்துவிட்டு அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார். "படிச்சி சொல்லு தம்பி, புள்ள பதறிகினு வந்திருக்குது" என்றார். குரலில் அதே பெருமை. நான் காகிதத்தைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்து. ஒரு வார்த்தைகூட நான் பார்த்த வார்த்தை இல்லை. வழக்கம்போல நிரப்பிவிடலாம். ஒன்றுமில்லை, வெறும் சூடு, இளநீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும். வாய் அந்த இளநீர் வரைக்கும் வந்துவிட்டது.

அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியல" என்றேன்.

"இன்னாது?"

"எனக்கு இது படிக்கத் தெரியலடா. சத்தியமா தெரியல."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. செம்பைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் உள்ளே போய்விட்டார். கலியவரதன் காகிதத்தை மடித்து உள்பையில் வைத்தான். முட்டாளில்லை அவன்.

"அப்ப அந்தக் கார்டு?"

அவன் அவசரப்படவில்லை. சைக்கிள் கேரியரில் இருந்த டியூஷன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். வாசற்படியில் உட்கார்ந்தான். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

"தவளைக்கு ரெண்டு உயிரு?"

"பொய்."

"தம்பித் தவளை?"

"பொய்."

"பூதத்த ராத்திரில அடிக்க முடியாது?"

"அது நெசம்."

"மூணு கடல் கார்டு?"

"பொய்டா."

ஒவ்வொரு பொய்யையும் அவன் ஸ்கேல் வைத்து நேராக அடித்தான். கோபமாக அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். கடைசிப் பக்கம் வந்தது. பறவை. நான் உள்ளே போய்க் கார்டை எடுத்து வந்து, அதில் இருந்ததை இருந்தபடி படித்தேன்.

"தண்ணி தொடாதுன்னா போட்டிருக்குது?"

"ஆமாம்."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். இன்னொரு முறை கேட்டான். மூன்றாவது முறை அவன் விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, எந்த வார்த்தை தண்ணி என்று காட்டச் சொன்னான். காட்டினேன். அந்த வார்த்தையை ஆங்கிலத்திலேயே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டான். பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். மீதிச் செட்டைக் கொடுத்தேன், வாங்கவில்லை.

மறுநாள் டாக்டர், பித்தப்பையில் கல் என்றார்; பிறகு ஆபரேஷனில் சரியாகிவிட்டது. அவன் அம்மா இன்றும் கூடை தூக்கிக்கொண்டு மீன் விற்கிறார், என்னைப் பார்த்தால் நல்ல மீனாகவே கொடுக்கிறார். அவன் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது.

விளையாட்டுதான் பிழைக்கவில்லை. புளுகையெல்லாம் அடித்த பிறகு மிஞ்சியது பெரும்பாலும் எண் மட்டும். பெரிய எண் சின்ன எண்ணை வெல்லும் என்பதைப் பார்க்க எந்தப் பையன் ஏரிக்கரைக்கு வருவான்? ஒரு மாதத்தில் எல்லோரும் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். பாக்கெட் தொங்கிய பெட்டிக்கடை இப்போது செல்போன் கவர் விற்கும் கடை. கலியவரதன் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். ஆங்கிலக் கையேட்டை அவனே படிக்கிறான். புரியாவிட்டால், "தெரியல, கேட்டுகினு வரேன்" என்று பத்துப் பேர் எதிரில் சத்தமாகச் சொல்கிறான். வெட்கம் கெட்டவன்.

நான் பெரிய படிப்பு படித்து, இன்சூரன்ஸ் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று போனில் விளக்கும் வேலையில் இருக்கிறேன். சின்ன வயதில் இலவசமாகச் செய்ததற்கு இப்போது சம்பளம் தருகிறார்கள். பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: வாடிக்கையாளரிடம் தெரியாது என்ற சொல்லை மட்டும் உபயோகிக்கக் கூடாது. எங்கள் தளத்தில் அந்தச் சொல் அறவே ஒழிந்துவிட்டது. நாங்கள் நாற்பது பேரும் எல்லாம் தெரிந்தவர்கள்.

போன மாதம் சுத்துக்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு, அதற்குப் பாலிசியில் இடமுண்டா என்று கேட்டார். பாலிசிப் பக்கத்தைப் பார்த்தேன். வரி எனக்குப் பிடிபடவில்லை. இளநீர் போல ஒன்று வாய்க்கு வந்தது. விழுங்கிவிட்டு, "தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அழைப்பு பதிவாகியிருந்தது. அந்த மாத ஊக்கத்தொகை போயிற்று. மேலாளர் என்னைத் தனியாக அழைத்து, தன்னம்பிக்கை பற்றி நெடுநேரம் பேசினார்.

அந்த அம்மா மட்டும் அன்று போனில், "பரவால்லப்பா. நல்லா கேட்டுகினு வா. நான் லைன்லயே கீறேன்" என்றார்.