பிற்பாட்டு

சிட்னியில் அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு பழைய வீட்டில், இத்தாலிய ஒப்பெரா மேதை ஒருவரின் பாடல்களைப் பாடினார்கள். தனியாகத்தான் போயிருந்தேன். சின்ன அறை. பாடகி ஒரு வரியை முடித்து மூச்சை இழுத்த சத்தம்கூடக் கேட்டது.

அந்தச் சத்தம் என்னை மன்னாருக்குக் கொண்டுபோனது. கோயில் கூத்துப் பழகும் பின்னேரங்களில் எங்கள் விறாந்தை நிறைய ஆட்கள் இருப்பார்கள். ராசா வேஷக்காரர் ஒரு வரி பாடி நிறுத்தியதும், அப்பாவும் கூட்டாளிகளும் அதையே பிற்பாட்டாகத் திருப்பிப் பாடுவார்கள். குசினியில் மீன் கழுவும் அம்மாவின் குரலும் அதில் சேரும்.

"ஏனப்பா ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவர் மூச்செடுக்க வேணுமெல்லோ பிள்ளை. அதுவரைக்கும் நாங்கள் பாட்டைப் பிடிச்சு வச்சிருக்கோணும்."

பாடகி அடுத்த வரியையும் முடித்து மூச்செடுத்தாள். ஒருவரும் பாட்டைப் பிடிக்கவில்லை. என்னையறியாமல் நான் பிடித்துவிட்டேன், வாய்விட்டு. சொல் தெரியாது, மெட்டு மட்டும்தான். எல்லாத் தலைகளும் திரும்பின. "ஸொறி" என்று சொல்லிக் குனிந்துகொண்டேன்.

கிரவீன் பகுதியிலிருக்கும் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு அந்த வரியைப் பாடினேன். நிறுத்தி, மூச்செடுத்து, கொஞ்சம் காத்திருந்தேன். கேத்தில்தான் இரைந்துகொண்டிருந்தது.