அப்பாவின் சாமந்தியும் அம்மாவின் வடிகட்டியும்

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தே காலம் போனதால், கால் அதை மறக்கவில்லை. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். நான் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் டம்ளரை வைத்தால், வலது கால் தரையை அழுத்தும்.

"பிரேக் போட்டாச்சா?" என்பாள் அம்மா. அவர் டம்ளரை நடுவுக்குத் தள்ளிவைப்பார்.

கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்தவரிடமும் "பரவாயில்ல, ரிவர்ஸ் போடுங்க" என்பார். அதற்கெல்லாம் சேர்த்து வீட்டில் கத்துவார்.

அவரிடம் படித்த ஒரு பெண்மணி வண்ணமீன் கடை வைத்திருந்தார். லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு மூட்டை கடலுப்பும் கொடுத்தார். "தொட்டி நல்லாப் பழகட்டும் சார். ஆறு மாசம் கழிச்சு வாங்க, கடல் சாமந்தி தரேன்" என்றார். ஊருக்கெல்லாம் அவசரப்படாதே என்று சொல்கிற மனிதர், அடுத்த வாரமே வேறு கடையில் ஒன்றை வாங்கிவந்து உள்ளே விட்டார். அது கரைந்துபோனது. தொட்டி நாறியது, கூடம் நாறியது, துவைத்துக் காயப்போட்ட துணி நாறியது.

இரண்டாவது, சொன்ன கெடு முடிந்து வந்தது. பழுப்பு உடம்பு, விரல் விரலாகக் கைகள், நுனியில் ஊதாக் குமிழ்கள். யாராவது பூ என்றால் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பூ இல்ல. மிருகம். வாய் இருக்கு, கால் இருக்கு. நடக்கும்."

நடந்தது. அதுதான் தொல்லையே. வெளிச்சம் போதவில்லை என்றால் நடக்கும். நீரோட்டம் பிடிக்கவில்லை என்றால் நடக்கும். ஒற்றைக் காலால் கண்ணாடியில் ஒட்டி, நகர்வதே கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக இடம் மாறும். அப்பா நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு, "இடம் பார்த்து நிக்கத் தெரியாதா உனக்கு?" என்று அதனோடு மல்லுக்கட்டுவார். அது பின்பக்கம் போனால் தெரிய வேண்டுமென்று, காரின் பழைய பக்கக் கண்ணாடியைத் தொட்டிக்குப் பின்னால் மாட்டினார். உறையவைத்த இறாலை ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். கோடையில் தண்ணீர் சூடாகும் என்று வீட்டின் ஒரே மேஜை விசிறியைத் தொட்டிக்கு வைத்தார். எங்களுக்கு வியர்த்தது.

தண்ணீரைச் சுழற்ற உள்ளே ஒரு சின்ன மோட்டார் உண்டு. அதன் வாய் உறிஞ்சும். நடக்கிற சாமந்தி அதில் மாட்டினால் அரைபட்டுவிடும். தண்ணீர் கெட்டு, கூட இருக்கும் இரண்டு மீனும் போய்விடும். அதனால் அப்பா அம்மாவின் பிளாஸ்டிக் டீ வடிகட்டியை எடுத்து, கைப்பிடியை அறுத்துப் போட்டுவிட்டு, மோட்டார் வாயில் நைலான் நூலால் கட்டினார். கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. காலையில் அம்மா டீ போட்டுவிட்டுத் தேடியபோதுதான் தெரிந்தது.

அம்மா புது வடிகட்டி வாங்கவில்லை. அன்றிலிருந்து துணியில் வடிகட்டினாள், அவர் கண்ணில் படுகிற மாதிரி. அவரும் அந்தத் துணி டீயை வருஷக்கணக்கில் குடித்தார். இருவரும் இறங்கிவரவில்லை.

போன மாதம் அப்பா போய்விட்டார். அதே நாற்காலியில், காலையில். இதயம். டீ டம்ளர் பக்கத்து மேஜையில், நடுவில் இருந்தது.

நான் வெளியூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பி, இந்தச் சனிக்கிழமைதான் மறுபடி வீட்டுக்கு வந்தேன். பையைக்கூட இறக்கவில்லை. தொட்டிக்குள் வழக்கமாக நிற்கும் பாறையில் சாமந்தி இல்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்சுவரில், மோட்டாருக்கு ஒரு சாண் கீழே, சுருங்கிப்போய் ஒட்டியிருந்தது.

மோட்டாரை அணைத்தேன். உப்பு அளந்தேன். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராமில் நிற்க வேண்டியது நாற்பதைத் தொட்டிருந்தது.

"யார் இதுல தண்ணி ஊத்தினது?"

"நான்தான்டி" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. அம்மாவுக்குத் துணையாக வந்து தங்கியிருக்கிறாள். "தண்ணி மட்டத்துக்கு அண்ணன் போட்ட கோடு இருக்கே, அது வரைக்கும். ஒரு நாள் விடல."

"என்ன தண்ணி?"

"உப்புத் தண்ணி. மூட்டையிலேருந்து எடுத்துக் கரைச்சு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன்.

"அத்தை, காத்துல போறது தண்ணி மட்டும்தான். உப்பு உள்ளேயே நிக்கும். குறைஞ்ச அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணிதான் ஊத்தணும்."

"உப்புத் தொட்டியில வெறும் தண்ணியா? நல்லா படிச்சே போ."

"சூப்பு சுண்டினா எப்படி இருக்கும்?"

"கரிக்கும்."

"அதுல மேல உப்புத் தண்ணி ஊத்துவீங்களா?"

அத்தை தொட்டியைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"அண்ணன் இதைச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

"அவர் இதுக்கு முன்னாடி உக்காந்தா என்கிட்ட பேசினது ஒண்ணே ஒண்ணு. தள்ளி நில்லு, நிழல் விழுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும்னுதான்டி ஊத்தினேன்."

அதற்கு மேல் அவளைத் திட்ட முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. உப்பை ஒரே நாளில் இறக்கவும் முடியாது. தொட்டி நீரில் கொஞ்சம் எடுத்து, அந்த அளவுக்கு வெறும் தண்ணீர் விட்டு, நாளுக்குக் கொஞ்சமாக இறக்க வேண்டும். சாமந்தியைக் கையால் பிய்த்துப் பாறையில் வைக்கவும் முடியாது. கால் கிழிந்தால் போச்சு.

அதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்டது. மோட்டாரைப் போட வேண்டும். அப்போதுதான் கவனித்தேன். மோட்டார் வாய் மொட்டையாக இருந்தது.

"வடிகட்டி எங்கே?"

அத்தை சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அம்மா டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடி இல்லாத அந்த வடிகட்டியை இடுக்கியால் பிடித்திருந்தாள்.

"அம்மா, அது வேணும்."

"எது?"

"வடிகட்டி."

"என் வடிகட்டி."

"அது இல்லாம மோட்டார் போட்டா சாமந்தி அரைபட்டுடும்மா. போடலைன்னா மீன் செத்துடும்."

"மீன்கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"அவங்க வர்ற வரைக்கும் தாங்காது."

அம்மா டீயை ஊற்றி முடித்தாள். நிதானமாக.

"எத்தனை வருஷம் துணியில வடிகட்டினேன் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன். எடுத்த பிறகாவது தப்புன்னு சொன்னாரா? சொல்லட்டும், புதுசு வாங்கிக்கலாம்னு இருந்தேன்." டம்ளரை வைத்தாள். "சொல்லாமலே போயிட்டார். இப்ப நான் எடுத்தா மட்டும் எல்லாரும் கேக்க வந்துடறீங்க."

மோட்டார் வாயை மூட வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு கண்ணில் பட்டது. அதில் சோப்பு ஊறியிருந்தது. சோப்பு பட்டாலும் சாமந்தி சாகும். பர்ஸை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"எங்கே கிளம்பறே?"

"கடைக்கு. புதுசு வாங்க."

"புதுசெல்லாம் வாய் சின்னது. அந்த மோட்டார்ல உக்காராது." குழாயைத் திறந்தாள். "உங்கப்பா கடை கடையா அளந்து பார்த்துட்டுத்தான் இதுல கை வெச்சார்."

வடிகட்டியைக் கழுவி நீட்டினாள்.

"சோப்பு போடலை. வெறும் சுடுதண்ணிதான்" என்றாள். அவர் நாள் முழுக்கக் கத்திய பாடம் சமையலறைக்கும் கேட்டிருக்கிறது.

நூலால் கட்டினேன். அப்பா போட்ட முடிச்சு மாதிரி வரவில்லை, ஆனால் நின்றது. முதல் குவளை தொட்டி நீரை எடுத்து, ஒரு குவளை வெறும் தண்ணீரை விட்டேன். மோட்டாரைப் போட்டேன். மீன்கள் கீழே இறங்கின. சாமந்தி இறங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் வெகுநேரம் நிற்க, அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தது. ஒரு கை நீரோட்டத்தில் நீண்டு, இழுபட்டு, வடிகட்டியில் போய் ஒட்டியது.

"பிரேக் போட்டாச்சா?" என்றாள் அம்மா.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கை வடிகட்டியை விட்டுச் சுருங்கியது. சாயங்காலம் பார்த்தபோது சாமந்தி பக்கவாட்டில் திரும்பிப் பாறைப் பக்கம் நகர்ந்திருந்தது. குமிழ் இன்னும் ஊதவில்லை. பிழைக்கும் என்று எழுதித் தர மாட்டேன். அத்தை ஒரு காகிதத்தில் "வெறும் தண்ணி" என்று பெரிதாக எழுதித் தொட்டியில் ஒட்டினாள்.

அம்மா டீ கொண்டுவந்தாள். வடிகட்டாத டீ. ஒரு வாய் குடித்ததும் தூள் பல்லில் அரைபட்டது. மூன்று பேரும் துப்பாமல் குடித்தோம்.

"மீன்கடைக்காரம்மாவுக்குப் போன் பண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

"முதல்ல கடைக்குப் போயிட்டு வா" என்றாள் அம்மா. "ஒரு வடிகட்டி. கைப்பிடி உள்ளதா பார்த்து."