கதவுக்காரர் வீடு

போன ஞாயிறு ஆரணியில் ஒரு நாவல் அறிமுகக் கூட்டம். எழுதியவர் என் தோழி நிர்மலா. மெடிக்கல் ஷாப் நடத்துபவர். ஐம்பது வயதில் முதல் புத்தகம்!

விசித்திரமான நாவல். ஆரணிக் கோட்டை முற்றுகை, ஒரு ரகசியச் சதி, எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்ட காவல்காரன்... ஒரு அத்தியாயம் சொல்வதை அடுத்த அத்தியாயம் மறுக்கும். எது சரித்திரம், எது புளுகு? பனிக்குள் நடப்பது போலிருக்கும். காவல்காரன் மட்டும் எல்லா அத்தியாயத்திலும் துரோகிதான்.

கூட்டம் முடிந்ததும் ஒரு டீச்சர் தயங்கித் தயங்கி நிர்மலாவிடம் வந்தார்.

"எங்க வீட்டைக் கதவுக்காரர் வீடுன்னுதாங்க சொல்லுவாங்க. கோட்டைக் கதவைக் காவல் காத்த வம்சமாம். உங்க புக்கு வந்ததுலேர்ந்து துரோகி வீடுன்னு கிண்டல் பண்றாங்க. எங்க வீட்டுக்காரர் கடையே தொறக்கலை. சும்மா படுத்துகினு இருக்கார்."

நிர்மலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு வீடு இருப்பதே அவருக்குத் தெரியாது.

"வாங்க, போலாம்" என்று கிளம்பினார். நானும்தான்.

மாலை வெயில் கரைந்துகொண்டிருந்தது. தெருவோரம் சாயமேற்றிய பட்டு நூல் மெல்ல அசைந்தது. நாவலுக்குள்ளேயே நடக்கிறோமோ என்று எனக்கு ஒரு மயக்கம்.

டீச்சரின் கணவர் மாணிக்கம், எலக்ட்ரிக்கல் கடைக்காரர். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தக் காவல்காரனைப் பத்தி எதுலனா படிச்சீங்களா?"

"இல்லைங்க. முழுக்கக் கற்பனை" என்றார் நிர்மலா.

"கற்பனைதானே... அப்ப ஏங்க கெட்டவனா கற்பனை பண்ணீங்க?"

நிர்மலா என்னைப் பார்த்தார். சதி என்றால்தானே நமக்குச் சுவாரசியம்!

"நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்று நிர்மலா மெதுவாகக் கேட்டார்.

மாணிக்கம் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "கோட்டைக்குள்ள கொழந்தைங்க பசியில அழுதுகினு இருந்திருக்கும். எவ்ளோ நேரந்தான் கேட்டுகினு இருப்பான்? தொறந்துட்டான்."

"உங்க பெரியவங்க சொன்னதா?"

"யாரும் சொல்லலைங்க. இப்பதான் தோணுச்சு."

சொல்லிவிட்டு வெட்கமாகச் சிரித்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த பதிப்புல இதைக் கடைசி அத்தியாயமா எழுதறேன். உங்க பேரையும் போடறேன்."

"என் பேரு எதுக்குங்க? அந்த ஆளுக்கு ஒரு பேரு வைங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது — முந்நூறு பக்கத்தில் அவனுக்குப் பெயரே இல்லை!

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பார்த்தேன். கடை திறந்திருந்தது. பல்பு வாங்க வந்த பெரியவரிடம் மாணிக்கம் கோட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் — பக்கத்தில் நின்று பார்த்தவர் போல.

பெரியவர் பலமாகத் தலையாட்டினார்.

"ஆமாங்க... எங்க தாத்தாவும் இதையேதான் சொல்லுவாரு!"