சுதாவின் குக்கியும் ஒரு அம்புக்குறியும்

என் பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு உள்ள குறிப்பு: "10.50 லூக், சுதா உள்ளே. 11.05 மரி, அன்ரன் உள்ளே. 11.41 மரி, அன்ரன் வெளியே. குக்கி 2."

அந்த இரண்டை எழுதியதும் என் கை நின்றது.

மொன்றியலில், பார்க் மெட்ரோவுக்குப் பக்கத்து டைவிங் கடையொன்றில் பத்தொன்பது வருடம் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பினேன். குளிர்காலத்தில் முதலாளி லூக் வாடிக்கையாளர்களையும் என்னையும் மெக்சிக்கோவுக்குக் கூட்டிப்போவார். அங்கே நாங்கள் போகும் இடம், சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான ஒரு நன்னீர்க் குழி. மேலே நீந்துவார்கள்; அடியில் குகை. ஸ்நோர்க்கல் என்ற மூச்சுக்குழாயோடு குனிந்தால் நீருக்குள் தொங்கும் கல் விழுதுகள் தெரியும். அவை காற்றில் மட்டுமே வளர்பவை. அப்படியானால் இந்தக் குகை ஒரு காலத்தில் உலர்ந்து கிடந்திருக்க வேண்டும். அதை யோசித்தபடியே கரையில் நேரம் குறிப்பேன்.

குகைக்குள் ஒரு வழிக்கயிறு போகிறது. அது இரண்டாகப் பிரியும் சந்தியில், ஒவ்வொரு சோடியும் வெளியேறும் பக்கத்துக் கயிற்றில் தன் குக்கியை, அதாவது பெயர் எழுதிய வட்டத் தகட்டை, மாட்டவேண்டும். திரும்பும்போது அதுவே வழிகாட்டி. பிறர் குக்கியைத் தொடக்கூடாது. சில இடங்களில், வெளியேறும் திசையைக் கூரால் காட்டும் பிளாஸ்டிக் அம்புக்குறிகளும் கயிற்றில் மாட்டியிருக்கும்.

அன்ரனும் சுதாவும் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியிலிருந்து வந்த கணவன் மனைவி. "புருஷன் பெண்சாதியை ஒரே சோடியாக விட்டால் தண்ணிக்கடியிலும் சண்டைதான்" என்று லூக் அவர்களைப் பிரித்து, சுதாவைத் தன்னோடும் அன்ரனை மரி என்ற இன்னொரு வாடிக்கையாளரோடும் சேர்த்திருந்தார். சந்தியில் ஒரு சோடி இடப்புறமும் மற்றது வலப்புறமும் போயின.

"அன்ரன், ரெண்டாவது குக்கி ஆற்றை?" என்று கரையேறியவனிடம் கேட்டேன்.

"சுதாவின்ரை, அண்ணை. அவள் எங்க போனாலும் எதையாவது விட்டிட்டு வாறவள்தானே. கோயில் பிக்னிக்கிலும் கடைசியா நிண்டு பொறுக்கிறது நான்தான்."

"அவை இன்னும் வெளியில வரேல்லை."

அன்ரன் கரையைப் பார்த்தான். சுதாவின் செருப்பு கிடந்தது. "ஐயோ, எப்பவோ வந்திருப்பினம் எண்டெல்லோ நினைச்சன்!"

மரி காற்றுமானியைப் பார்த்தாள். அவளுக்கும் அன்ரனுக்கும் மறுபடி உள்ளே போகக் காற்று இருந்தது. அவள் ரெகுலேட்டரை, அதாவது மூச்சுக்கருவியை, வாயில் வைத்தபோது கீழே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒன்று. பிறகு இரண்டு. 11.52.

சுதா மாஸ்க்கைக் கழற்றினாள். அன்ரனின் கையில் தன் குக்கியைக் கண்டாள்.

"இருவது வருசமா நான் விட்டிட்டு வந்ததையெல்லாம் பொறுக்கினீங்கள். இதை மட்டும் நான் விட்டிட்டு வரேல்லை."

அன்ரன் குக்கியை அவள் கையில் வைத்தான்.

சந்தியில் சேறு கலங்கி ஒன்றும் தெரியவில்லையாம். அன்ரன் குக்கியைக் கழற்றும்போது அவன் காலில் மாட்டிய துடுப்பு கிளப்பிய சேறு. "கயித்தைத் தடவினன். அம்புக்குறி ஒண்டு கையில பட்டுது. கூர் காட்டின பக்கம் வந்தம்" என்றாள் சுதா. பின்னால் வந்த லூக் அவள் காலைப் பிடித்து வந்தவர், கயிற்றில் எதையும் தொடவில்லை.

"அங்கே அம்புக்குறி கிடையாது. தெளிந்த தண்ணீரில் இரண்டு தரம் கடந்தேன்" என்றாள் மரி ஆங்கிலத்தில், நான் அதை மொழிபெயர்த்ததும்.

அன்று முதல், ஒரு குக்கியை மேலே கொண்டுவந்தவரிடம் அதற்குரிய சோடி எங்கே என்று கேட்ட பிறகே நேரத்தை எழுதுவது என் வழக்கமாயிற்று. ஆளை எண்ணினால் மட்டும் போதாது.

லூக் அந்தப் பயணத்தில் அதன்பின் யாரையும் குகைக்குள் விடவில்லை. ஆகவே பதிவேட்டில் இரு கூற்றுகளையும் எழுதி, கீழே குறித்தேன்: "சந்தியில் அம்புக்குறி: உறுதிப்படவில்லை." அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.