மங்கையற்கரசி போட்ட ஐந்து நட்சத்திரம்

பழுகாமத்தில் மங்கையற்கரசியின் இடியப்பம் சாப்பிடாதவர் இருக்க வழியில்லை. இருபத்திரண்டு வருடமாக, விடியுமுன் எழுந்து, நாளுக்கு நானூறு இடியப்பம் பிழிகிறாள். மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகும். பிள்ளைகள் இரண்டையும் அந்த இடியப்ப உரலைப் பிடித்துத்தான் கரைசேர்த்தாள். வலது தோள் போனதும் அதனால்தான். போன தை மாதம் டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு மாதம் இப்படியே பிழிந்தால் அந்தக் கையை உயர்த்தவே முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நான் அவளுடைய பக்கத்து வளவுக்காரி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் போனில் எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"டீச்சர், கரண்டில இடியப்பம் பிழியிற மெஷின் ஒண்டு வருதாம் கா. உங்கட போனில ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். கொழும்பில் ஒரு கம்பனி. விளம்பரத்தில் ஒருத்தி பட்டுச்சேலையும் நகையுமாக நின்று பிழிந்துகொண்டிருந்தாள். பட்டுடுத்து மாவில் கைவைக்கிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்? அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் நான்தான் ஓடர் போட்டேன்.

வாவிக்கு மேற்கே கிடக்கிற எங்கள் படுவான்கரை என்றாலே கூரியர்க்காரர்களுக்குக் காய்ச்சல் வரும். பட்டிருப்புப் பாலம் தாண்டி வரமாட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, பாலத்தடிக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் போன் வந்தது. மங்கையின் புருஷன் யோகராசா லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் போனார். அவர் கண்முன்னாலேயே வேனிலிருந்து பெட்டியைக் காலால் தள்ளி இறக்கினானாம் அந்த மனுசன். கேட்டதற்கு, "உள்ளுக்குச் சுத்திவர ரெஜிபோம் அட்டை வச்சிருக்கு அண்ண, ஒண்டும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றே திறந்திருந்தால் கதை வேறு. ஆனால் மங்கையற்கரசி செவ்வாயில் புதுச்சாமானைத் தொடமாட்டாள். புதன் மரணயோகம். வியாழன் அட்டமி. கலண்டரைப் பார்த்து, வெள்ளி காலை ஒன்பது பத்துக்கு நேரம் குறித்தாள். உடைந்து வந்தால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கும் மரணயோகத்தில் பெட்டி திறக்கப் பயம். இதைப் போய் யாரிடம் சொல்வது?

வெள்ளியன்று பெட்டியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாலு மூலைக்கும் சந்தனம் வைத்து, சாம்பிராணி காட்டினாள். நான் வீடியோ எடுத்தேன். திறந்தால், மாவை அழுத்துகிற இரும்புத் தண்டு வளைந்து கிடந்தது. மெஷினின் வெளிக்கூட்டில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மங்கை இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீடியோவைக் கம்பனிக்கு அனுப்பினேன். "அன்பான வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று கும்பிட்ட கைப்படத்தோடு பதில் வந்தது. ஐந்து நாளும் அதே பதில், அதே கும்பிடு. ஆறாம் நாள் தீர்ப்புச் சொன்னார்கள். அறிவிக்கக் காலம் பிந்திவிட்டதாம். அதோடு, வாடிக்கையாளர் பொதியின் மேல் திரவம் ஊற்றி நெருப்புப் புகை காட்டியது காணொளியிலேயே தெளிவாகத் தெரிகிறதாம். மஞ்சள் தண்ணீர் பட்டு இரும்பு வளைந்ததை எந்தப் புத்தகத்தில் படித்தார்களோ. தூ.

பிறகு திவாகரன் என்று ஒருவர் கம்பனியிலிருந்து பேசினார். தேன் வழிகிற குரல்.

"மேடம், உங்களுக்கு நான் உதவி செய்யிறன். எங்கட ஃபேஸ்புக் பக்கத்தில ஃபைவ் ஸ்டார் போட்டு, அந்த அம்மா மெஷினோட சிரிச்சுக்கொண்டு நிக்கிற படமும் போடுங்க. அடுத்த நாளே புது மெஷின் அனுப்புறம்."

"உடைஞ்ச மெஷினுக்கா?"

"உடைஞ்ச பக்கம் தெரியாம எடுங்க மேடம்."

போனைக் கிணற்றுக்குள் எறியத்தான் கை போனது. மங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் திட்டுவாள், நானும் சேர்ந்து வாயாரத் திட்டலாம் என்று நினைத்தேன். அவளோ அன்றைய நானூறையும் இடது கையால் பிழிந்து முடித்துவிட்டுச் சோர்ந்து கிடந்தாள்.

"போடுவம் டீச்சர்," என்றாள். "எனக்குக் கை வேணும்."

மெஷினின் வெடிப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பினோம். நல்ல சேலையொன்றை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் தரம் நான் ஏதோ பகிடி விட்டுத்தான் சிரிக்க வைத்தேன். "மிகவும் தரமான மெஷின், பத்திரமாக வந்து சேர்ந்தது. மங்கையற்கரசி, பழுகாமம்" என்று எழுதியதும் நான்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வேறு சரிபார்த்தேன். அந்தக் கேவலத்தை நினைத்தால் இப்போதும் என்மேலேயே அருவருப்பு வருகிறது.

சொன்னபடி புது மெஷின் வந்தது. இந்த முறை நேரம் பார்க்கவில்லை, பாலத்தடியிலேயே பெட்டியைக் கீறிப் பார்த்துத்தான் யோகராசா எடுத்துவந்தார். நன்றாகவே வேலை செய்தது. மங்கையின் தோள்நோவும் கொஞ்சம் இறங்கியது. ஒரு மாதம் நானும் நிம்மதியாக இருந்தேன்.

போன ஞாயிறு அவளுடைய குசினியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய போன் அடித்தது. கையெல்லாம் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். மண்டூரிலிருந்து சுதர்ஜினி என்று ஒருத்தி. அவளும் இடியப்பம் விற்கிறவளாம். மங்கையிடம் இடியப்பம் வாங்குகிற கடைக்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கி எடுத்திருக்கிறாள்.

"உங்கட படத்தப் பாத்துத்தான் அக்கா ஓடர் போட்டன். நம்மட பக்கத்து ஆள் பொய் சொல்லமாட்டா எண்டு நினைச்சன். எனக்கு உடைஞ்சு வந்திருக்கு. உங்களுக்கு மட்டும் எப்பிடி நல்லதா வந்த?"

மங்கையற்கரசி மெஷினை நிறுத்தினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டி வந்த நாளிலிருந்து திவாகரன் கேட்ட படம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நானும் சிரிக்கவேணுமா அக்கா?" என்று கேட்டாள் சுதர்ஜினி.

மங்கை என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"ஓம் புள்ள," என்றாள் மங்கையற்கரசி. "உடைஞ்ச பக்கத்தச் சுவரோட திருப்பி வச்சிட்டுச் சிரி."