குடித்துப் பார்த்துத் திறந்தவர்

அருள்தாஸ் இறந்த செய்தி எனக்கு முதலில் குழாய் மூலமாகத்தான் வந்தது. காலை ஐந்தரைக்கு வர வேண்டிய தண்ணீர் ஆறு மணிக்கும் வரவில்லை. எங்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை இயக்கிய இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருநாளும் நேரம் தவறியதில்லை. கண்டிக்கும் எண்ணத்துடன் அவருடைய கைப்பேசிக்கு அழைத்தேன். மணி என்ன தெரியுமா, செடிகளுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று ஒரே மூச்சில் கேட்டு முடித்தேன். பிறகு அவர் மனைவி ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

"அவரு பூட்டாரும்மா. நாலு மணிக்கு. வால்வு ரூம் சாவி இங்கதான் கீது. யார்னா வந்து வாங்கிக்கினு போங்க."

அருள்தாஸின் தந்தை எங்கள் நிலத்தில் கூலிக்கு உழுதவர். நான் அவரை எப்போதும் 'நீ' என்றே அழைத்தேன். என்னைவிட இருபது வயது இளையவர் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அவரைவிட இளையவரான ஊராட்சிச் செயலரை நான் 'நீங்கள்' என்றுதான் அழைக்கிறேன். இந்தக் கட்டுரையில் உள்ள 'அவர்' அவர் காதில் விழாத மரியாதை.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள வால்வு அறையில், ஓர் ஆணியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று மாட்டியிருக்கும். தினமும் காலையில் முதல் டம்ளர் தண்ணீரைப் பிடித்து அவர் முழுவதுமாகக் குடிப்பார். சற்று நேரம் நிற்பார். அதன் பிறகே ஊருக்கு வால்வைத் திறப்பார். எந்த விதியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என் கணவர் காலமான ஆண்டில், ஒருநாள் விடியற்காலையில் அந்த வழியே நடந்தபோது அதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஊரு பூரா குடிக்குதும்மா. கைக்கொழந்தைங்க குடிக்குது. எதுனா இருந்தா மொதல்ல எனுக்குத் தெரியட்டுமே."

"குளோரின் போட்டால் போதும். இது மூடப்பழக்கம்" என்றேன்.

"இருக்கட்டும்மா. உங்களுக்குக் காப்பி மாரி எனுக்கு இது."

பிற்பாடு ஒரு நிறுவனம் ஆற்றங்கரைத் தோப்பை வாங்கி, பூமிக்கடியில் எரிவாயு உண்டா என்று பார்க்கத் துளையிட்டது. ஊரில் பலருக்கும் மகிழ்ச்சி. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் பிடித்து ஓடும் இளைஞர்கள் வீட்டு வாசலிலேயே வேலை வரும் என்று நம்பினார்கள். சில மாதங்கள் கழித்து அருள்தாஸ் என் வீட்டு கேட்டருகே வந்து நின்றார்.

"தண்ணி வேற மாரி கீதும்மா. குடிச்சா வாய்ல எண்ண கணக்கா நிக்குது."

"ஆதாரம் இருக்கிறதா?"

"நாக்கு கீதே."

"நாக்கை மனுவோடு இணைக்க முடியாது."

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கண்டதை மட்டும் எழுது என்று, நான் படித்த பள்ளியின் கன்னியாஸ்திரீகள் என்னைப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் எனக்கு மிகுந்த கர்வம் உண்டு.

நான் மனுக்களை எழுதினேன். அவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். ஒரு முறை நானும் உடன் போனேன். டீக்கடை வாசலில் ஒருவன் அவரை மறித்தான்.

"இன்னா நைனா, கேஸு வந்தா ஊட்டுக்கு ஊடு அடுப்பு எரியும்னு பாத்தா, நீ தண்ணிய ஊத்தி அணைக்கிறியே."

"அடுப்பு எரியட்டும்டா. ஒலையில இன்னாத்த ஊத்துவ?" என்றார் அவர். அவன் கையெழுத்துப் போட்டான்.

நிரந்தர எரிவாயுக் கிணறு தோண்ட அனுமதி தருவதற்கு முன்பு, அதிகாரிகள் பள்ளிக் கட்டடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் நான் அருள்தாஸிடம், "கூச்சல் போடாதே. கண்ணெதிரே காட்டு. அதுதான் ஆதாரம்" என்று சொல்லியிருந்தேன்.

அவர் ஒரு குடத்தில் தொட்டித் தண்ணீரும் அந்த டம்ளருமாக வந்தார். டம்ளரை நிரப்பி மேடையில் இருந்தவர்களிடம் நீட்டினார். "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார். அதுக்கப்பறம் எழுதுங்க."

நிறுவனத்தின் ஆள் ஒருவர் புன்னகைத்தார். "நீங்க குடிக்காத தண்ணிய எங்களுக்குக் குடுக்கலாமா பெரியவரே? மொதல்ல நீங்க குடிங்க."

கூட்டம் சிரித்தது. அருள்தாஸின் முகம் மாறியது. நாள் தவறாமல் ஊருக்கு முன்னால் குடித்தவரிடம் சொல்லக்கூடாத சொல் அது.

"நான் குடிக்காமயா? டெய்லி நான்தான் மொதல்ல குடிக்கிறேன்" என்றவர், ஒரே மூச்சில் குடித்து முடித்தார். மறுபடி நிரப்பி நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை. அவர்கள் முன்னால் பாட்டில் தண்ணீர் இருந்தது.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதியிருந்தார்கள்: தொட்டி இயக்குபவர் மேற்படி நீரைத் தாம் நாள்தோறும் அருந்துவதாகக் கூறி, அனைவர் முன்னிலையிலும் அருந்திக் காட்டினார்.

மனு எழுதியவள் என்பதால் பொதுமக்கள் சார்பில் நான் கையெழுத்திட வேண்டும். இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"இன்னாம்மா எழுதிக்கிறாங்க?" என்று பக்கத்தில் நின்று கேட்டார்.

"நடந்ததைத்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அனுமதி வந்தது. எங்கள் மனுக்களிலிருந்து ஒரு வரியும் அந்த ஆணையில் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் முழுவதுமாக இருந்தது. நான் அதைப் படித்துக் காட்டியபோது அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் துப்பிருக்கணுமாம்மா?"

நான் ஆணையை மடித்து உறைக்குள் வைத்தேன்.

முடிந்தவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினார்கள். முதலில் மாறிய வீடு என்னுடையது. முடியாதவர்கள் அவருடைய தெருவில் இருந்தார்கள். இனியாவது குடிப்பதை நிறுத்து என்று நான் அவரிடம் சொன்னேன். "நான் நிறுத்திட்டா எங்க தெரு கேன் வாங்கிடுமா?" என்றார். பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. தினமும் வால்வைத் திறந்துவிட்டுத்தான் பொன்னேரி, சென்னை மருத்துவமனைகளுக்கு அலைந்தார். எதனால் கெட்டது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. எனவே நானும் எழுதவில்லை.

அடக்கத்தன்று நிறுவனம் ஒரு மலர்வளையமும், வந்தவர்கள் குடிக்கக் கேன் தண்ணீரும் அனுப்பியது. திருப்பி அனுப்பச் சொன்னேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார்.

"வெயில்ல வந்துக்கிறாங்கம்மா. ஊட்டுத் தண்ணியவா குடுக்கச் சொல்றீங்க?"

அந்தக் கேன் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் எல்லோரும் அவரைத் தூக்கிச் சென்றோம்.

மறுநாள் ஐந்தரைக்கு வால்வு அறைக்குப் போனேன். புதிதாகப் பொறுப்பேற்றவர் வால்வில் கை வைத்திருந்தார்.

"குடித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு மேடம்? நல்ல தண்ணின்னு ஆர்டர்லயே கீதாமே. நீங்ககூட கையெழுத்துப் போட்டீங்களாமே."

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. கேள்விப்பட்டதைச் சொன்னார். ஆணியில் இருந்த டம்ளரை எடுத்து நிரப்பினேன். அருள்தாஸின் வாய் பட்ட பாத்திரத்தில் நான் வாய் வைத்தது அதுவே முதல் முறை. தண்ணீர் நாக்கில் எண்ணெயாய் நின்றது. விழுங்க முடியவில்லை. அவருடைய அறையின் தரையில் துப்பினேன். நான் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே புதியவர் வால்வைத் திறந்துவிட்டார். அருள்தாஸின் தெருவுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அருள்தாஸ் அவர்களே, ஆம், துப்பியிருக்க வேண்டும். கையெழுத்திடும் முன்பே நான் அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இனி நீங்கள் எழுந்து வந்து குடிக்க வேண்டியதில்லை, இளைப்பாறுங்கள். உங்கள் டம்ளரைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டேன். கழுவியதும் அதே தண்ணீரில்தான்.