துர்துமாத்தின் அங்கவடியில் சிக்கிய பாசி

நாரின் நகரத் தாவர ஆய்வு நிலையத்தில் நான் எழுத்தராக இருந்த பத்தொன்பது ஆண்டுகளும், பாறைப்பாசிகளை வகைப்படுத்தும் பணியைப் புர்மகான் ஒருத்தியே செய்துவந்தாள். பாசியை முதலில் வெந்நீரில் ஊறவைப்பாள். மண் போக அலசி, அந்நீரைக் கொட்டிய பின்னரே நுண்ணோக்கியின் கீழ் வைப்பாள். அம்முறை ஒருநாளும் பிசகியதில்லை. கல்லுக்கு வரும் பொடுகுக்கு அண்ணி வைத்தியம் பார்க்கிறாள் என்று அவள் கணவனின் தம்பி எசெனாலி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

1996 நவம்பரில், மேய்ச்சலுக்குப் போன ஆடுகளைத் திருப்பி ஓட்டிவரச் சென்ற அவள் கணவன் துர்துமாத் வீடு திரும்பவில்லை. இரண்டாம் நாள் காலை அவன் குதிரை மட்டும் நொண்டிக்கொண்டு வந்தது. தடங்களைப் பனி மூடிவிட்டது. சேணத்தின் கால்மிதியான அங்கவடியில் சிக்கியிருந்த ஒரு பிடி பாசியை எசெனாலி நிலையத்திற்குக் கொண்டுவந்தான்.

"அண்ணி, தேடுறதுக்கு ஏழு பேருதான் இருக்கோம். மலை மேலயா, ஓடைப் பக்கமா, அத மட்டும் சொல்லுங்க."

அப்போதும் அவள் முறை பிசகவில்லை. வித்துப்பைகள் இலைகளுக்குள் புதைந்திருந்தன. மூடி கழன்றபோது பையின் நடுத்தண்டும் அதனோடு வந்தது; ஆகவே அது கிரிம்மியா இனம் அன்று, அதை ஒத்த ஷிஸ்டிடியம். அவ்வினத்திலும் உலர்பாறையில் வளர்வனவற்றிற்கு இலைநுனியில் வெண்மயிர் இருக்கும். இதில் இல்லை, நுனி மழுங்கியிருந்தது.

"ஓடைதான். தண்ணி அடிக்கிற பாறை."

"எந்த ஓடை அண்ணி? இருக்குறது ரெண்டு; கிசில்-ஜார்னா செம்மண், அக்-ஜார்னா வெள்ளை மணல். பாசியில மண்ணு ஒட்டியிருந்துச்சே, என்ன நிறம்? வந்த அவசரத்துல நான் பாக்கல."

அவள் வாசலுக்கு ஓடினாள். அலசிய நீரைக் கொட்டிய பனியின்மீது, காவலாளி அதற்குள் அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிட்டிருந்தான். மண்டியிட்டு இரு கைகளாலும் கிளறினாள். சாம்பலும் சேறுமே வந்தன.

"கழுவிட்டேன், தம்பி."

"அண்ணன் கிடக்குற இடத்தையே கழுவிட்டீங்களே."

நால்வர் கிசில்-ஜாருக்கும் மூவர் அக்-ஜாருக்கும் பிரிந்தனர். அவள் எசெனாலியுடன் அக்-ஜாருக்குப் போனாள். பாசி புதிதாகப் பிய்ந்த தடத்தைத் தேடி, ஓடையோரப் பாறை ஒவ்வொன்றிலும் பனியைச் சுரண்டினாள். தேடலின் மூன்றாம் நாள் கணவாய் பனியால் அடைபடத் தொடங்கவே, அவளை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஓடையில் பாதி தேடப்படாமல் எஞ்சியிருந்தது.

ஏப்ரலில், அக்-ஜாரில் அவர்கள் திரும்பிய இடத்திற்கு நானூறு அடி மேலே துர்துமாத்தின் உடல் கிடைத்தது. எழுவரும் ஒரே ஓடைக்குப் போயிருந்தால் என்று எங்களில் எவரும் அவள் முன்னிலையில் சொன்னதில்லை.